பனி ஓடுபாதைக் குழுவில் பணியாற்றுவது எப்படி? துருவ நிலையங்களுக்கான முழுமையான வழிகாட்டி

துருவ நிலையம் ஒன்றில் ஓடுபாதையைப் பராமரிக்கும் வேலை என்றதும், பனியைத் தள்ளி ஒதுக்கும் வேலை என்றே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். குளிர்நாடுகளின் விமான நிலையங்களில் அது உண்மைதான். அங்கே பனி ஒரு தடை, அதை அகற்றினால் அடியில் தார்த்தளம் தெரியும். தென் துருவத்திலோ காலடியில் 2,700 மீட்டர் அளவுக்குப் பனிக்கட்டியைத் தவிர வேறெதுவும் இல்லை. அங்கே பனியை அகற்றுவதற்கில்லை. பனியையே தளமாக்க வேண்டும். அப்படி ஆக்கிய தளமும் நிலைத்து நிற்பதில்லை. காற்று அதை அரிக்கும், புதுப்பனி மூடும், வெயில் இளக்கும், இறங்கும் ஒவ்வொரு விமானமும் கீறிவிட்டுப் போகும். ஓடுபாதைக் குழுவினர் அதை நாள்தோறும் புதிதாகச் செய்கிறார்கள் என்று சொன்னால் மிகையில்லை. அந்த வேலைக்குப் போக விரும்புவோர் என்ன வரிசையில் என்னென்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதல் படி: எந்த வகை ஓடுபாதை என்று தெரிந்துகொள்ளுங்கள்

துருவ ஓடுபாதைகள் எல்லாம் ஒன்றல்ல. வகை மாறினால் வேலையும் மாறும். முதல் வகை, ஸ்கீ எனப்படும் சறுக்குக் கட்டைகள் பொருத்திய விமானங்களுக்கானது. தென் துருவத்தில் உள்ள அமெரிக்காவின் அமுண்ட்சென்-ஸ்காட் நிலையத்தின் ஓடுபாதை இந்த வகையைச் சேர்ந்தது. நீளம் ஏறத்தாழ 3,650 மீட்டர். கிரீன்லாந்துப் பனிப்படலத்தின் உச்சியில், 3,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் சம்மிட் நிலையத்தின் ஓடுபாதை இதைவிடவும் நீளமானது. காற்று மெலிந்த உயரத்தில், ஸ்கீக்களின் உராய்வையும் மீறி விமானம் வேகம் பிடிக்க வேண்டியிருப்பதால்தான் இத்தனை நீளம்.

இரண்டாவது வகை, சக்கர விமானங்கள் இறங்கும் அளவுக்குக் கெட்டிப்படுத்திய பனி. அண்டார்க்டிகக் கடற்கரையோரம் உள்ள அமெரிக்காவின் மெக்மர்டோ நிலையத்துக்காக 2017-இல் பயன்பாட்டுக்கு வந்த ஃபீனிக்ஸ் விமானத்தளத்தில் சி-17 போன்ற பெரும் சரக்கு விமானங்கள் சக்கரங்களாலேயே இறங்குகின்றன. மூன்றாவது, நீலப் பனிக்கட்டி ஓடுபாதை. காற்று பனியை நிற்கவிடாமல் அரித்துச் சென்று, அடியிலுள்ள பழைய பனிக்கட்டி வெளியே தெரியும் இடங்களில் இது அமைகிறது. நார்வேயின் டிரோல், ஆஸ்திரேலியாவின் வில்கின்ஸ், இந்தியாவின் மைத்ரி நிலையத்துக்கு ஆட்கள் வந்திறங்கும் நோவோ ஆகியவை இவ்வகையின. அங்கே முக்கிய வேலை, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவதும் விரிசல்களையும் உருகிய குழிகளையும் கண்டுபிடித்து அடைப்பதும்தான். இந்த வழிகாட்டி முதல் இரண்டு வகைகளைப் பற்றியது. இந்தத் தொழிலின் நுட்பம் முழுவதும் அவற்றில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

இரண்டாம் படி: கைத்தொழிலும் உடல் தகுதியும்

துருவ அனுபவம் உள்ளவர்களைத்தான் எடுப்பார்கள் என்று அஞ்ச வேண்டியதில்லை. கனரக வாகனம் ஓட்டுவதில் ஆண்டுக்கணக்கான பழக்கமே முதல் தகுதி. சாலைப் பணியில் கிரேடர் ஓட்டியவர்கள், பனிச்சறுக்கு விளையாட்டு மலைச்சரிவுகளில் இரவு நேரத்தில் பனியைச் சமன்செய்யும் வண்டி ஓட்டியவர்கள் ஆகியோர் இந்த வேலையை விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள். வண்டியைப் பழுதுபார்க்கவும் தெரிந்தவர் என்றால் கூடுதல் மதிப்பு உண்டு. மெக்கானிக் கூடாரம் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்க, மைனஸ் 40 டிகிரியில் ஹைட்ராலிக் குழாய் வெடித்து நிற்பவருக்கு அதன் அருமை தெரியும்.

மருத்துவப் பரிசோதனை கடுமையாகவே இருக்கும். பல் பரிசோதனையும் சேர்த்துத்தான். சொத்தைப் பல் ஒன்று வலித்தாலும் மருத்துவமனை இருக்கும் ஊருக்கு விமானத்தில்தான் போக வேண்டும், அந்த விமானம் எப்போது வரும் என்பதை வானிலைதான் முடிவுசெய்யும். இந்தியக் குழுக்களை அனுப்பும் கோவாவின் தேசிய துருவ மற்றும் கடல்சார் ஆய்வு மையமும் மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு இமயமலையில் அவுலியில் பனிப்பயிற்சி அளித்தே ஆட்களை அனுப்புகிறது.

தென் துருவ நிலையம் கடல்மட்டத்திலிருந்து 2,835 மீட்டர் உயரத்தில் உள்ளது. துருவப் பகுதியில் காற்றழுத்தம் குறைவு என்பதால் உடம்புக்கு அது 3,000 மீட்டரைத் தாண்டிய உயரமாகவே தோன்றும். இறங்கிய முதல் இரண்டு மூன்று நாட்கள் நிறையத் தண்ணீர் குடித்து, மெதுவாக நடந்து, பாரம் தூக்காமல் இருங்கள். வந்த அன்றே திறமையைக் காட்ட நினைப்பவர்தான் தலைவலியோடு மருத்துவரிடம் முதலில் போவார்.

மூன்றாம் படி: குளிரில் தோலையும் இரும்பையும் காத்தல்

உடையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அடுக்கடுக்காக அணிய வேண்டும், வியர்க்கும் முன் ஓர் அடுக்கைக் கழற்ற வேண்டும், மாற்றுக் கையுறை எப்போதும் வண்டிக்குள் இருக்க வேண்டும். கவனமாகப் பயில வேண்டியது வேறு. மைனஸ் 30 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று வீசினால், வெளியே தெரியும் தோலுக்கு அது மைனஸ் 48 டிகிரிபோல் உறைக்கும். வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். இதைவிட மோசமானது எரிபொருள்: மைனஸ் 40 டிகிரியிலும் உறையாத திரவம் அது. கையில் தெறித்தால் அந்தக் குளிர் அப்படியே தோலுக்குள் இறங்குவதோடு, ஆவியாகும்போது இன்னும் குளிர்வித்து நொடிகளில் தசையை உறையவைத்துவிடும். எரிபொருள் நிரப்பும்போது மட்டும் தனிக் கையுறை அணியச் சொல்வது இதனால்தான்.

வண்டிகளுக்கும் குளிர் தாங்காது. எஞ்சினைச் சூடேற்றும் மின்னிணைப்பை இரவு முழுவதும் செருகியே வைத்திருக்க வேண்டும். காலையில் எஞ்சினை உயிர்ப்பித்ததும் நகர்த்திவிடக் கூடாது. எண்ணெய் தேன்போல் கெட்டித்திருக்கும். எஞ்சின் சும்மா ஓடட்டும். பிறகு முன்தகட்டை மெல்ல ஏற்றி இறக்கி ஹைட்ராலிக் எண்ணெய் இளகுவதைப் பாருங்கள்; முதல் அசைவில் முனகுவதும் நாலைந்து அசைவுக்குப் பிறகு முனகல் அடங்குவதும் காதுக்கே தெரியும். சங்கிலிப் பட்டைகள் தரையோடு உறைந்திருந்தால் வேகமாக இழுக்காதீர்கள். முன்னும் பின்னுமாக விரலளவு அசைத்து விடுவியுங்கள். கடுங்குளிரில் சாதாரண எஃகு நொறுங்கும் தன்மையை அடைந்துவிடுகிறது. தகட்டை உறைந்த மேட்டின்மீது மோதி உடைக்கப் பார்த்தால் உடைவது மேடாக இருக்காது.

நான்காம் படி: பருவத்தின் தொடக்கத்தில் ஓடுபாதையை மீட்டெடுத்தல்

தென் துருவத்தில் விமானப் பருவம் நவம்பர் முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரைதான். குளிர்கால மாதங்களில் காற்று கட்டிவிட்டுப் போனதை முதலில் கலைக்க வேண்டும். காற்றுப் போக்கில் செதுக்கப்பட்டு, கல்போல் இறுகிய பனி வரிகளுக்கு ரஷ்ய மொழிச் சொல்லான சாஸ்த்ருகி என்பதே உலகெங்கும் பெயர். முழங்காலளவு உயரம் உள்ள ஒன்றின்மீது ஸ்கீ மோதினால் விமானத்தின் முன்கால் முறியலாம்.

முதலில் அளவை. ஜி.பி.எஸ். கருவியால் நடுக்கோட்டையும் விளிம்புகளையும் குறித்து, மூங்கில் கழிகளில் கொடி கட்டி இருபுறமும் சம இடைவெளியில் நடுகிறார்கள். மூங்கிலுக்குக் காரணம் உண்டு: இரும்புக் கம்பி வெயிலில் சூடேறி அடியில் பனியை இளக்கிச் சாய்ந்துவிடும், மூங்கில் அப்படிச் சூடேறாது, இறக்கை பட்டாலும் விமானத்துக்குச் சேதமின்றித் தானே முறியும். அமெரிக்க நிலையங்களில் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் பாதுகாப்பான வழியைக் காட்டும். கறுப்புக் கொடி என்றால் அபாயம், அதைத் தாண்டக் கூடாது. தென் துருவத்தில் எல்லாத் திசையும் வடக்கே என்பதால் கிரீன்விச் தீர்க்கரேகை செல்லும் பக்கத்தை ‘கட்ட வடக்கு’ என்று வைத்துக்கொண்டு திசை சொல்கிறார்கள். புதிதாக வருபவர் ரேடியோவில் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான்.

அடுத்து, புல்டோசரால் மேடுகளைச் சீவிப் பள்ளங்களில் பரப்ப வேண்டும். இங்கே புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, சீவிய பனியை ஓடுபாதையின் ஓரத்தில் வரப்பாக விட்டுவிடுவது. துருவத்தில் தரைக்கு மேல் துருத்தி நிற்கும் எதுவும், அது பெட்டியாக இருந்தாலும் நிறுத்திய வண்டியாக இருந்தாலும், தன் பின்பக்கத்தில் பனியைக் குவிய வைக்கும். முழங்கால் உயர வரப்பு ஒரே புயலில் ஓடுபாதைக்குள் நீளும் வாலாக வளர்ந்துவிடும். ஆகவே விளிம்பைப் பல மீட்டர் தூரத்துக்குச் சரிவாக இழுத்து, எங்கே ஓடுபாதை முடிகிறது என்று கண்ணுக்கே தெரியாதபடி கரைத்துவிட வேண்டும்.

ஐந்தாம் படி: பனியை உடைத்து, நெருக்கி, உறங்கவிடுதல்

இந்தத் தொழிலின் இதயம் இதுதான். எனவே இங்கே சற்று நிதானிப்போம்.

துருவத்தின் மேற்பரப்புப் பனி ஒரு கனமீட்டருக்கு 300 முதல் 400 கிலோ வரை இருக்கும். துளையற்ற பனிக்கட்டி 917 கிலோ. இடைப்பட்டதெல்லாம் காற்று. உருளையை ஏற்றி அழுத்தினால் போதுமே என்று தோன்றும். ஆனால் ஒரே அளவான துகள்களை எவ்வளவு அழுத்தினாலும் இடையில் வெற்றிடம் எஞ்சும். துகள்கள் ஒன்றையொன்று நகர்த்தி இடம்பிடிப்பதால் மட்டும் கிடைக்கும் நெருக்கம் ஏறத்தாழ 550 கிலோவோடு நின்றுவிடும். ஆகையால் அழுத்தும் முன் உடைக்க வேண்டும். வண்டியின் பின்னால் சுழலும் பற்களுள்ள உழுகருவி, பழைய பனித்துகள்களின் பிணைப்பை அறுத்து, பெரிதும் சிறிதும் பொடியுமாகக் கலந்துவிடுகிறது. பெரிய துகள்களின் இடுக்குகளில் பொடி போய் அமர்கிறது. அதன்மேல் உருளை போகும்போதுதான் அடர்த்தி உண்மையாக ஏறுகிறது.

அடர்த்தி மட்டும் வலிமை ஆகாது. வலிமையைத் தருவது காத்திருப்பு. தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பனித்துகள்களின் வளைந்த மேற்பரப்பிலிருந்து நீராவி கண்ணுக்குத் தெரியாமல் வெளியேறி, அவை தொடும் இடுக்கில் மீண்டும் படிந்து உறைகிறது. மணிக்கணக்கில், நாள்கணக்கில் அங்கே கழுத்துப்போல் ஒரு பாலம் உருவாகிறது. பல கோடி பாலங்கள் சேர்ந்தால் பொடி, தளமாகிவிடுகிறது. வெப்பநிலை உருகுநிலைக்கு அருகில் இருந்தால் இது விரைவாக நடக்கும்; மைனஸ் 10 டிகிரியை ஒட்டிய பனி நன்றாக ஒத்துழைக்கும். மைனஸ் 50 டிகிரியில் இதே பிணைப்பு ஆமை வேகத்தில் நகரும். அங்கே பனி ஈரமற்ற மணல்போல நடந்துகொள்ளும், ஸ்கீயையும் மணல்போலவே பிடித்து இழுக்கும்.

இதிலிருந்து பிறக்கும் நடைமுறை எளியது, கடைப்பிடிப்பதுதான் கடினம். மெல்லிய அடுக்காக வேலை செய்யுங்கள். தடித்த அடுக்கை அழுத்தினால் மேலே கெட்டித்த மேலோடும் கீழே பொடியும் மிஞ்சும். உழுத உடனே, பிணைப்பு தொடங்கும் முன், உருட்டுங்கள். நடைவேகத்தை ஒட்டி மெதுவாகவே ஓட்டுங்கள். வேகம் கூடினால் வண்டியின் குலுக்கல் அலையலையாகத் தளத்தில் பதிந்துவிடும், அந்த அலையை அடுத்த வண்டி இன்னும் பெரிதாக்கும். கடைசியாக, நீண்ட சட்டம் கொண்ட சமன்கருவியைக் கட்டி இழுத்துப் பரம்படியுங்கள். சட்டம் நீளமாக இருப்பதால் மேட்டில் ஏறி இறங்காமல் மேட்டைச் சீவிப் பள்ளத்தில் விடும். ஒவ்வொரு தடவையும் முந்தைய தடத்தில் பாதி அகலம் மேலே படியுமாறு போங்கள்.

பிறகு எல்லாரும் விலகிவிட வேண்டும். ஒரு முழு நாளாவது தளத்தை விட்டுவிடுங்கள். கடுங்குளிரில் அதற்கு மேலும் ஆகலாம். “இன்னும் ஒரு தடவை இழுத்துவிடலாமே” என்ற ஆசை இந்த நேரத்தில்தான் வரும். பாதி பிணைந்த தளத்தின்மேல் மீண்டும் கருவியை ஓட்டினால் அதுவரை வளர்ந்த பாலங்கள் அத்தனையும் அறுந்து, கடிகாரம் மீண்டும் பூஜ்யத்திலிருந்து ஓடும். நல்ல குழுவினருக்கு வண்டியை நிறுத்திவைக்கும் துணிவு இருக்கும். மெக்மர்டோ பகுதியில் சூரியன் மறையாவிட்டாலும் இரவு நேரத்தில் தாழ்ந்து செல்வதால், வெயில் ஓங்கியிருக்கும்போது உழுது உருட்டி, குளிரும்போது இறுகவிடலாம். தென் துருவத்தில் சூரியன் நாள் முழுவதும் ஒரே உயரத்தில் சுற்றி வருவதால் அந்தச் சலுகையும் இல்லை.

ஆறாம் படி: தளத்தைச் சோதித்தல்

கண்ணை நம்பாதீர்கள், வழுவழுப்பான மேற்பரப்பு வலுவானது என்று பொருளல்ல. சக்கர விமானங்களுக்கான தளத்தில், கூம்பு முனையுள்ள தண்டை நிறுத்தி, குறிப்பிட்ட எடையைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து விழவைத்து, எத்தனை அடிக்கு எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று எண்ணுகிறார்கள். அடி எண்ணிக்கை திடீரெனக் குறைந்தால் அந்த ஆழத்தில் பிணையாத அடுக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. ஓடுபாதை நெடுகிலும் குறித்த இடங்களில் இதைச் செய்து பதிவேட்டில் எழுத வேண்டும். பெரிய விமானம் வருவதற்கு முன், அதன் சக்கரம் தரும் அழுத்தத்துக்கு ஈடான பாரம் ஏற்றிய வண்டியைத் தளம் முழுவதும் இழுத்துப் பார்ப்பதும் உண்டு. எங்காவது உள்வாங்க வேண்டுமென்றால் அந்த வண்டியின் கீழ் உள்வாங்கட்டும்.

கருவி இல்லாத நேரத்திலும் அனுபவசாலிகள் சோதித்துக்கொண்டே இருப்பார்கள். ரம்பத்தால் முழங்கை ஆழத்துக்கு ஒரு பாளத்தை வெட்டி எடுப்பார்கள். நன்றாகப் பிணைந்த பாளம் உதிராமல் கையில் நிற்கும். பக்கவாட்டில் தடவினால் அடுக்குகள் விரல்நுனிக்கே தெரியும். சரியாகப் பிணையாத அடுக்கில் விரல் பட்டதும் சர்க்கரைபோல் உதிரும். அந்தக் குழியைத் திரும்ப நிரப்பி மிதித்துவிட்டு வர மறக்கக் கூடாது.

ஏழாம் படி: விமானம் வரும் நாள்

விமானம் புறப்படும் முன்பே உங்கள் நாள் தொடங்கிவிடும். ஓடுபாதையை ஒரு முறை முழுவதுமாக ஓட்டிப் பார்த்து, புதிய பனிக்குவியல், சாய்ந்த கொடி, கீழே விழுந்து கிடக்கும் பொருள் ஆகியவற்றைச் சரிசெய்து, தளத்தின் நிலையை ரேடியோவில் தெரிவிக்க வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்கு முன் எல்லா வண்டிகளும் விலகி, ஒவ்வொருவரும் விலகிவிட்டதைத் தம் குரலால் உறுதிசெய்ய வேண்டும். தலையசைப்பு கணக்கில் வராது.

தென் துருவத்துக்கு வரும் முதன்மை விமானம், நியூயார்க் மாநில விமானத் தேசியக் காவற்படையின் 109-ஆவது பிரிவு இயக்கும், ஸ்கீ பொருத்திய எல்.சி-130. கடுங்குளிரில் எஞ்சினை நிறுத்தினால் மீண்டும் உயிர்ப்பிப்பது உறுதியில்லை என்பதால், சரக்கு இறக்கும்போதும் அதன் நான்கு எஞ்சின்களும் ஓடிக்கொண்டே இருக்கும். சுழலும் விசிறிகள் கண்ணுக்குத் தெரியாது. இரைச்சலில் கூப்பிட்டாலும் கேட்காது. விசிறிக் காற்று குளிரைப் பல மடங்கு உறைக்கச் செய்யும். விமானப் பணியாளர் கைகாட்டும் வரை நெருங்காதீர்கள், வரையறுத்த வழியைத் தவிர வேறு வழியில் நடக்காதீர்கள். சரக்கை இறக்க, பின்கதவைத் திறந்து விமானத்தை மெல்ல முன்னே நகர்த்தி, தட்டுகளைப் பனிமேல் வரிசையாகச் சரியவிடும் முறையும் உண்டு.

ஸ்கீ விமானம் நிற்கும் இடத்தையும் ஓடுபாதையளவு கவனமாகச் செப்பனிட வேண்டும். ஓடிவந்த ஸ்கீ உராய்வால் சூடேறி அடியில் மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்கும். விமானம் நின்றதும் அது உறைந்து பசையாகும். 1956 அக்டோபர் 31 அன்று அட்மிரல் ஜார்ஜ் டுஃபெக்கின் குழு தென் துருவத்தில் முதன்முதலாக விமானத்தில் இறங்கியபோது, மைனஸ் 50 டிகிரிக் குளிரில் ஸ்கீக்கள் பனியோடு ஒட்டிக்கொண்டன. விமானத்தில் பொருத்தியிருந்த ராக்கெட்டுகளைக் கொளுத்தித்தான் அவர்களால் மேலெழும்ப முடிந்தது.

எட்டாம் படி: வெளிச்சத்தைப் படித்தல்

மேகம் மூடிய நாளில் பனியும் வானமும் ஒரே வெண்மையாகிவிடும். நிழல் இல்லை, அடிவானம் இல்லை; இதை ‘ஒயிட் அவுட்’ என்பார்கள். காற்று வீசாமல், பார்வைத் தூரம் பல கிலோமீட்டர் இருக்கும்போதும் இது நேரும் என்பதே இதன் கொடுமை. 1979 நவம்பர் 28 அன்று அண்டார்க்டிகாவின் எரபஸ் மலையில் நியூசிலாந்துப் பயணிகள் விமானம் மோதி 257 பேர் இறந்ததற்கு இவ்வகை ஒளி மயக்கமும் ஒரு காரணம். துருவ வானிலைக் கண்காணிப்பாளர்கள் பார்வைத் தூரத்தோடு, அடிவானம் தெரிகிறதா, தரையின் மேடுபள்ளம் தெரிகிறதா என்பவற்றையும் தனித்தனியே விமானிக்குச் சொல்வது இதனால்தான். உங்களுக்கான விதி: வண்டிக்கு முன்னே உள்ள தரை தெரியவில்லை என்றால் நிறுத்துங்கள். அடுத்த கொடி தெரியாமல் நகராதீர்கள். கடுங்குளிரில் விமானத்தின் புகையே மூடுபனியாக உறைந்து ஓடுபாதையின் ஒரு முனையை மறைத்துவிடுவதும் உண்டு. அதைத் தரையிலிருந்து முதலில் காண்பவர் நீங்களாக இருக்கலாம், உடனே சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: வெயிலோடும் அழுக்கோடும் போராடுதல்

கடற்கரையை ஒட்டிய ஓடுபாதைகளுக்குக் குளிரைவிட வெயிலே பகை. வெண்மை, ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு கைப்பிடிக் கரிய தூசு அதை உறிஞ்சிக்கொண்டு தன்னைச் சுற்றி உருக்கும். மெக்மர்டோவின் பழைய பெகாசஸ் ஓடுபாதை, அருகிலுள்ள பிளாக் தீவிலிருந்து காற்று கொண்டுவந்த எரிமலைத் தூசால் உருகி உருகியே 2016 டிசம்பரில் மூடப்பட்டது. வில்கின்ஸ் ஓடுபாதையும் கோடையின் நடுவே உருகலால் மூடிவைக்கப்படுவது வழக்கம். ஆகவே வண்டிச் சங்கிலியில் ஒட்டிய மண், எண்ணெய்ச் சொட்டு, கிழிந்த கொடித் துணி எதுவும் தளத்தில் கிடக்கக் கூடாது. எரிபொருள் சிந்தினால் அந்தப் பனியை முழுவதும் வெட்டிப் பீப்பாயில் அடைத்து, கண்டத்தை விட்டே வெளியேற்ற வேண்டும். அண்டார்க்டிகாவின் சுற்றுச்சூழலைக் காக்க 1991-இல் கையெழுத்தான மாட்ரிட் நெறிமுறையின் கீழ் இது கடமை, விருப்பமல்ல.

பத்தாம் படி: பருவத்தை மூடுதல்

பிப்ரவரியில் வெப்பநிலை மைனஸ் 50 டிகிரியை நெருங்கும்போது கடைசி விமானம் புறப்படும். அதற்குள் வண்டிகளை உயர்த்திய பனிமேட்டின்மீது, காற்றுப் போக்குக்கு இணங்க ஒரே வரிசையில் நிறுத்துங்கள். தாழ்வில் நிறுத்தியவை நவம்பரில் தோண்டி எடுக்கவேண்டியவையாக இருக்கும். விளிம்புக் கொடிகளைப் பிடுங்கிவிடாதீர்கள், உயர்த்தி நடுங்கள். எந்தெந்த இடத்தில் தளம் வலுவிழந்திருந்தது என்ற குறிப்பேட்டைக் குளிர்காலத்தில் தங்குவோரிடம் ஒப்படையுங்கள். அது தேவைப்பட மாட்டாது என்று எண்ண வேண்டாம்: 2016 ஜூனில், சூரியனே உதிக்காத நடுக்குளிர்காலத்தில், நோயாளிகளை அழைத்துச்செல்ல ட்வின் ஆட்டர் விமானம் ஒன்று தென் துருவத்தில் இறங்கியபோது, அதற்கான ஓடுபாதையை இருட்டில் செப்பனிட்டுத் தந்தவர்கள் அங்கே தங்கியிருந்தவர்கள்தான்.